புருவக்காரி

ரிசப்ஷன் அக்கா "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டால், "சொல்லுங்க" என்று அவள் வாயால் சொல்லமாட்டாள். இரண்டு புருவமும் விருட்டென்று மேலே போய், நெற்றி முடியை ஒரு தரம் விசாரித்துவிட்டு இறங்கி வரும். அதுதான் பதில். ஃபோனிலும் இதே கூத்துதான். அந்தப் பக்கம் பேசுபவர் "லைன்ல இருக்கியா? இருக்கியா?" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார். இவளோ அதற்குள் நாலைந்து தடவை புருவத்தைத் தூக்கித் தாராளமாகச் சம்மதம் கொடுத்திருப்பாள்.

காது மருத்துவமனைக்கு அவள் பயிற்சிக்கு வந்த மறுநாளே ரிசப்ஷன் அக்கா பெயர் வைத்துவிட்டார்: புருவக்காரி. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அதற்கும் புருவத்தையே தூக்கினாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். காது எப்படிக் கேட்கிறது, எங்கே கேட்காமல் போகிறது என்பதுதான் படிப்பு. அங்கே பிளாஸ்டிக் காதை வைத்துப் படித்ததெல்லாம் போக, இப்போது நிஜக் காதுகள். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு பேனா. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. மாற்றிப் போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கொஞ்ச நாள் வலது பையில் சிவப்பும் இடது பையில் நீலமும் வைத்துக்கொண்டு திரிந்தாள். கோட்டைக் கழற்றி மேஜைமேல் போடும்போது எது வலது என்று அவளுக்கே குழம்பிப்போய், அந்த ஏற்பாட்டைக் கைவிட்டாள்.

வேலை பார்ப்பதற்கு எளிது. தடித்த கதவு போட்ட ஒரு சின்ன அறை, அதில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்ஃபோன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கருவி வைத்துக்கொண்டு இவள். இவள் சத்தம் அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பட்டனை அமுக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியாகக் கேட்ட இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் கோடு. கோடு மேலேயே ஓடினால் காது நன்றாக இருக்கிறது. கீழே சரிந்தால் சரியில்லை.

அவளிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. யாரையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடவே மாட்டாள். மூன்று மேஜை சுற்றிக்கொண்டு போய் முகத்துக்கு நேரே நின்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். ஒரு நாள் அவளுக்கு மேற்பார்வையாக இருக்கும் மேடம் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேடம் என்றால் பெரிய வயதில்லை, இவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர், எந்நேரமும் வாயில் பிஸ்கட். இவள் வாசலில் நின்று விளக்கை அணைத்துப் போட்டாள்.

"கரண்ட் போச்சா?" என்று பதறினார் மேடம்.

"இல்ல மேடம், நான்தான் கூப்பிட்டேன்."

"கூப்பிடுறதுக்கு வாய்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா இரும்புத் தகடு அடிக்கும் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை செய்பவர். அவரைக் கூப்பிட விளக்கை அணைத்துப் போட வேண்டும், அல்லது தரையில் காலை ஓங்கி உதைக்க வேண்டும். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே நின்று, புருவத்தையும் கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அப்பாவுக்குக் காது மந்தம் என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. நாலு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், "அப்பா யோசனையில இருக்காரு" என்பார் அம்மா. காதைப் பற்றியே வருஷக்கணக்கில் படித்துக்கொண்டிருந்த மகளும், அப்பா யோசனையில் இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பாடம் வேறு, புத்தகப் பாடம் வேறு என்று மனசு எப்படித்தான் பிரித்து வைத்துக்கொள்கிறதோ!

பயிற்சியின் ஆரம்பத்தில், கை பழகுவதற்காக வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பாவைக் கூட்டி வந்தாள். கோடு மேலேயே ஓடியது. வட்டமும் பெருக்கலும் கைகோத்துக்கொண்டு தாளின் உச்சியிலேயே நடந்தன. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். "என் பொண்ணு பாத்தது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

அதற்கப்புறம்தான் லாரி விஷயம். அப்பா சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி ஹாரனை அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் மயிரிழையில் ஒதுங்கி நின்றதாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காதக் காமிச்சிட்டு வந்துருங்களேன்."

"லாரிக்காரன் ஹாரனே அடிக்கல. என் காது நல்லா இருக்குன்னு பாப்பாவே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் என்ன சொல்வாள்? தாள் இருக்கிறதே! ஆனாலும் அன்றிலிருந்து சைக்கிள் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

நோயாளிகளைத் தனியாகச் சோதிக்க அவளுக்கு அனுமதி கிடைத்த வாரத்தில், முன்பல் விழுந்த ஒரு சிறுமியை அவளுடைய அம்மா கூட்டி வந்தார். "வகுப்புல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாளாம். திமிருன்னு டீச்சர் சொல்றாங்க. காதா இருந்தாலும் இருக்கும், பாத்துட்டு வாங்கன்னாங்க."

சோதனை ஜோராக நடந்தது. சிறுமி ஒரு சத்தத்தைக்கூட விடவில்லை. கோடு உச்சியில் ஓடியது. மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இவ்வளவு சின்னச் சத்தமா? இது எனக்கே கேக்காதே!"

மேடம் சிறுமியின் பின்னால் போய் நின்று, வழக்கமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிறுமி மேஜையில் இருந்த பிளாஸ்டிக் காதின் மடலைக் கழற்றுவதிலேயே மும்முரமாக இருந்தாள். மேடம் முன்னால் வந்து குனிந்தார்.

"எப்படிடா கண்ணா ஒண்ணுகூட விடாம அமுக்கின?"

சிறுமி மேடத்தின் உதட்டையே பார்த்துவிட்டு, பெருமையாகச் சொன்னாள்: "அந்த அக்கா புருவத்தத் தூக்குறப்ப எல்லாம் அமுக்கினேன். அதானே விளையாட்டு?"

புருவக்காரியின் கை தானாகப் போய்ப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தது.

நாற்காலியைப் பக்கவாட்டில் போட வேண்டும், உள்ளே இருப்பவருக்கு நம் முகம் தெரியவே கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். ஆனால் அந்தச் சின்ன அறையின் தடித்த கதவைச் சாத்தும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு பயம் வரும். அதைப் பார்க்கப் பொறுக்காது அவளுக்கு. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்காருங்கள் என்று ஒரு மனுஷரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்சமாக நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிப் போடுவாள். ஒரு சிரிப்புச் சிரிப்பாள். சத்தம் அனுப்பும் விரலோடு சேர்ந்து புருவமும் போய்விட்டு வருவது அவளுக்கே தெரியாது. எல்லாரும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவள் மனசார ஆசைப்பட்டாள். அவர்களும் அவளுக்காகக் கேட்டுவிட்டார்கள்.

மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தானே சோதித்தார். இந்தத் தடவை கோடு சரிந்தது, நன்றாகவே சரிந்தது.

சிறுமியின் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள் புருவக்காரி. "முதல்ல எடுத்தது என் தப்புங்க. பாப்பாவுக்குக் காது சரியா கேக்கல."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்ப அவ திமிரு புடிச்சவ இல்லையா?" என்றார். "எத்தன தடவ அடிச்சிருக்கேன்" என்று சொல்லி மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

மருந்து அறையில் போய் நின்று புருவக்காரி ஓவென்று அழுதாள். மேடம் வாசலில் நின்று, "அழுது முடிச்சிட்டு வா. நீ தனியா பாத்தவங்க எல்லாருக்கும் ஃபோன் போடணும்" என்றார். பிஸ்கட் பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் ஃபோன் போட்டாள். புருவத்தால் இல்லை, வாயால்: "தப்பு எங்க பக்கம்தாங்க, இன்னொரு தடவை வரணும்." சிலர் சலித்துக்கொண்டார்கள், ஒருவர் கன்னாபின்னாவென்று பேசினார். ஆனாலும் வந்தார்கள். நாற்காலி பக்கவாட்டில் நின்றது. எல்லாரையும் பார்த்து முடித்தபின் ஒரே ஒரு ஆள் பாக்கி. அவருக்கு ஃபோன் போட முடியாது. போட்டாலும் எடுக்க மாட்டார், யோசனையில் இருப்பார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கி உங்க காதப் பாத்தேன்ல, அது தப்பு. மறுபடியும் வாங்க."

"யாரு சொன்னா தப்புன்னு?"

"நான்தாம்பா சொல்றேன்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "பட்டறையில எல்லார்கிட்டயும் காட்டிட்டேனேம்மா" என்றார். அம்மா தண்ணீர்ச் செம்போடு அசையாமல் நின்றார். அப்பா நிமிர்ந்து, "இதனால உன் படிப்புக்கு ஏதும் கேடு வருமா?" என்று கேட்டார்.

"நீங்க சைக்கிள்ல வீடு வந்து சேரலன்னாதாம்பா எனக்குக் கேடு."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ரிசப்ஷன் அக்காவுக்கு வணக்கம் வைத்தார். சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டியதும் முதல் காரியமாகக் கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அவள் உள்ளே போய் அவர் தலையைப் பிடித்து நேராக்கிவிட்டு வந்தாள். மறுபடி திருப்பினார். மறுபடி போனாள். மூன்றாவது தடவை அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் மூஞ்சி தெரியாம எனக்கு ஒண்ணும் கேக்காது பாப்பா."

இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் முதல் தடவையாக அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். சொன்னவர் அவரே. அவளுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

"தெரியும்ப்பா. அதனாலதான் பாக்காதீங்கன்னு சொல்றேன்."

அப்பா நாற்காலியைத் தானே இன்னும் நன்றாகச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு காதும், பாதி நரைத்த கிருதாவும், பட்டன்மேல் தயாராக இருக்கும் ஒரு கட்டைவிரலும்தான் தெரிந்தன. தகடு பிடித்துப் பிடித்து நகம் தட்டையாகிப்போன விரல். சத்தம் அனுப்பினாள். விரல் அசையவில்லை. கூட்டினாள். அசையவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதால் புருவத்துக்குக் கட்டுக்காவல் இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அதுபாட்டுக்கு மேலே போய்ப் போய் வந்தது. அமுக்குங்கப்பா, அமுக்குங்கப்பா என்று மனசு அடித்துக்கொண்டது. பேனா மட்டும் உள்ளதை உள்ளபடி வைத்தது, சிவப்பை ஒரு பள்ளத்திலும் நீலத்தை அதற்குப் பக்கத்துப் பள்ளத்திலும்.

முடிந்தது. மேடம் வந்து தாளைப் பார்த்தார். "சரியா எடுத்திருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தடித்த கதவைத் திறந்து அவள் உள்ளே போனாள். அப்பாவுக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று முகத்தை இறுக்கி வைத்திருந்தாள். புருவம் இரண்டும் கோடு போட்டது போல அசையாமல் நின்றன. அப்படி ஒரு முகத்தை அப்பா அவளிடம் பார்த்ததே இல்லை. தாளை அவர் கேட்கவில்லை.

"மெஷினு ஒரு காதுக்கா, ரெண்டு காதுக்குமா?" என்றார்.

அப்பா பட்டனைக் கீழே வைத்தார். அத்தனை நேரமும் அசையாமல் கிடந்த அந்தக் கட்டைவிரலை அவள் புருவத்தில் வைத்து, மெல்ல மேலே தூக்கிவிட்டார்.