பூ மதராஸில், காய் ஆந்திராவில்

செடிக்குப் பெயர் கண்டுபிடிக்கிற உத்தியோகத்தில் பூவும் காயும் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இதே தொழிலில் முட்டி தேய்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1960-இல் நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் தற்காலிகச் செடி சேகரிப்பாளன். சத்தியவேட்டு மலையில், ஓடையோரத்து இருட்டுக் காட்டில் பெயர் தெரியாத புதர் ஒன்று இருந்தது. அது இன்னதென்று சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம் என்றார் புரொபசர். எனக்குப் பெண் பார்த்திருந்த நேரம். "வேலை நிரந்தரமா?" என்பதுதான் பெண் வீட்டாரின் ஒரே கேள்வி.

பூ

மார்ச்சில் விறகு வெட்டும் முனுசாமி வழி காட்டினார். தண்டை ஒட்டிக் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. நாலு இதழ், எட்டு மகரந்தத் தாள். பறித்துச் செய்தித்தாளில் வைத்து அழுத்த வேண்டும். பலகையை மறந்துவிட்டுப் போயிருந்ததால் பஸ்ஸில் அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்து வந்தேன். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார். பூ என்றேன்.

"பூவைத் தலையில வெச்சிக்குவாங்க. நீ இன்னாத்துக்கு அது மேல குந்திக்கினு வர்றே?"

காய்

ஜூனில் முனுசாமியோடு காய்க்குப் போனேன். இடையில் எல்லை மாறி, சத்தியவேடு மதராஸை விட்டு ஆந்திராவில் சேர்ந்திருந்தது. புதர் அதே இடத்தில், நான் அடையாளத்துக்குக் கட்டிய துணியோடு நின்றது. காயைத்தான் காணோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முனுசாமி தலையைச் சொறிந்தார்.

"கறுப்பா பழுத்துக்கினு இருந்திச்சி, துன்னுட்டேன் சார். உச்சியில நாலு கீது, உனக்குன்னு வுட்டுவெச்சேன்."

கையெழுத்து

பூவையும் காயையும் பார்த்ததும், இது பாட்டில் வரும் காயாம்பூவின் காயாச் செடிதான் என்று நான் சொன்னதைப் புரொபசர் ஒப்புக்கொண்டார். கல்லூரிக் குமாஸ்தா ஒப்பவில்லை. பூவை ஒட்டிய அட்டையில் ஊர் மதராஸ் ராஜ்யம், காயை ஒட்டிய அட்டையில் ஆந்திரா. இரண்டும் ஒரே செடி என்று எப்படிப் பதிவது? "குதரதய்யா", முடியாது என்று தெலுங்கில் சொல்லி ஃபைலைத் தள்ளினார். செடி நகரவில்லை என்றேன். அதற்குச் சாட்சி வேண்டுமாம்.

முனுசாமியைத் திருப்பதிக்கே அழைத்து வந்தேன். செடி நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று கைநாட்டு வைத்தார். ஊர், ராஜ்யம் சொல்லச் சொன்னார் குமாஸ்தா. முனுசாமி கட்டைவிரல் மையைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

"நானுந்தான் சார் நகரல. என்னை எந்த ராஜ்யம்னு எழுதப்போறீங்கோ?"

செடியும் பதிவாகி, வேலையும் நிரந்தரமாகி, கல்யாணமும் ஆகிவிட்டது. பெயர் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய நான், முனுசாமி கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை.