பிளே-ஓஃபுக்காகச் சேமித்த மூன்று கைகள்

இன்று ஜெர்மனியின் கொலோனில் மகளின் பேஸ்பால் அணிக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால்தான் பிளே-ஓஃப் எனும் இறுதிச் சுற்றுக்குப் போகலாம்.

கடைசி இன்னிங்ஸ். ஓர் ஓட்டம் முன்னால் நின்றோம். ஆனால் பந்து எறிந்துகொண்டிருந்த லேனா களைத்துப் போயிருந்தாள். மாற்றாக எறியக்கூடிய மூவரும், என் மகள் உட்பட, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சியாளர் சிவா அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, ஆளை மாத்துங்கோவன். அந்தப் பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு."

"மாத்த ஏலாது தங்கச்சி. இவையின்ர கை பிளே-ஓஃபுக்கு வேணும்."

"இதில தோத்தால் பிளே-ஓஃபே இல்லையே?"

"அதுதான் வெல்லுவம் எண்டுறன். போய் இருங்கோ."

லேனாவின் அடுத்த பந்தை எதிரணி வேலிக்கு வெளியே அடித்தது. அதற்கடுத்ததையும். இரண்டு ஓட்டங்கள்; ஆட்டம் முடிந்தது, தோற்றோம். லேனா அழுதாள்.

"எனக்குக் கை கொஞ்சமும் நோகேல்லை," என்றாள் மகள், அண்ணையைப் பார்த்தபடி.

"அதுதானே, அடுத்த வருசத்துக்கு மூண்டு பேரும் களைக்காமல் இருக்கினம்," என்றார் அண்ணை, மெய்யான திருப்தியோடு.

அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்த கோப்பைகளில் எத்தனை முறை போயும் எனக்கு இதுவரை தேநீர் கிடைத்ததில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியொரு அலுமாரி உண்டு. உங்கள் வீட்டுக்காவது அந்த விருந்தாளி வந்து சேர்ந்தாரா?