கணினி நின்ற காலையில் என்னிடம் ஏச்சு வாங்கியவர்

போன வருடம் மாரி தொடங்கிய நேரம், திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பதினொரு வருடம் பிள்ளைகள், குசினி, சமையல் என்று இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே செய்கிற மொழிபெயர்ப்பு வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். கொழும்பிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்கு, இணையத்தில். தட்டச்சுப் பரீட்சையும் உண்டு என்பதால் கைப்பேசியில் சமாளிக்க வழியில்லை.

ஒன்பதரைக்குக் கணினியைப் போட்டேன். கம்பனிச் சின்னம் வந்தது. அதோடு சரி. அணைத்தேன், போட்டேன், திரும்பவும் அதே சின்னம். கணவர் வேலைக்குப் போய்விட்டார். மூன்றாம் தடவையும் அப்படியே நிற்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் இனி யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?

எனக்கு அழுகை வந்தால் பின்னாலேயே கோபமும் வரும். முந்தின வாரம்தான் அந்தக் கணினியைக் கடையில் கொடுத்துத் திருத்தி எடுத்திருந்தோம். ரசீதைப் பார்த்து இலக்கத்தை அழுத்தினேன். எடுத்தவர் ஹலோ சொல்லி முடிக்க முன்னமே பொரிந்து தள்ளிவிட்டேன். "இதுக்குப் பேர் திருத்தமா?" என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "அது கடையா, சந்தையா?" என்றும் கேட்டேன்.

"சந்தைதான் தங்கச்சி," என்றார் அவர் நிதானமாக. நக்கலாக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டு கொடுத்தேன்.

அவர் சத்தம் குறைந்த இடமாக நகர்ந்து நின்று, திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டார். சொன்னேன். "கரண்டையும் திரையையும் விட்டுட்டு, குத்தியிருக்கிற மத்த எல்லாத்தையும் கழட்டுங்க. பெட்டிக்குப் பின்னுக்கும் பாருங்க," என்றார். பின்னுக்கு ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினால், பென் டிரைவ்! சான்றிதழ்களை ஏற்றுவதற்காக முதல் நாள் நானே குத்திவிட்டு மறந்துபோனது. கழற்றிவிட்டுப் போட்டேன். கணினி எழும்பிவிட்டது. "வந்திட்டுது, வந்திட்டுது" என்று கத்திய கையோடு, நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நேர்முகம் நன்றாகவே நடந்தது. பின்னேரம் மனம் உறுத்தியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ரசீதை எடுத்துப் பார்த்தால், கடவுளே, காலையில் நான் அழுத்தியதில் கடைசி இலக்கம் பிழை. கடைக்கு நான் எடுக்கவே இல்லை! திரும்ப அதே இலக்கத்துக்கு எடுத்தேன். அவர் கிண்ணியாச் சந்தையில் மீன் விற்கிறவர். மகளின் கணினியும் ஒருமுறை இப்படித்தான் நின்றதாம். அவள் சரிசெய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தாராம். மீன் வாங்க வந்தவர்கள் காத்து நிற்க, என்னோடு கதைத்திருக்கிறார்.

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். "ஏன் நானா, பிழையான நம்பர் எண்டு முதலே சொல்லேல்ல?" என்றேன்.

"நீங்க சொல்ல விட்டாத்தானே!" என்று சிரித்தார். பிறகு, "ஏசினீங்கதான். ஆனா குரல் அழுற குரலா இருந்திச்சி. எப்படிப் போனை வெக்கிற?" என்றார்.

அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன். என் வாய் திருந்திவிட்டது என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் யாராவது என்மேல் எரிந்து விழும்போது, அந்தச் சத்தத்துக்குள் அழுகை ஏதும் இருக்கிறதா என்று ஒரு நொடியாவது கேட்டுப் பார்க்கிறேன்.