தூள் மூட்டையும் பெடல் படகும்

தேயிலை விலை விழுந்து கிடந்த காலத்தில் எங்கள் பேக்டரி வாரத்தில் பாதி நாள் பூட்டியே இருந்தது. சம்பளத்துக்குப் பதிலாகச் சில சமயம் தூள் மூட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் தூள், வாங்கத்தான் ஆளில்லை. அதனால் சீசனுக்கு மட்டும் நானும் என் மச்சினனும் ஏரியில் படகு கழுவப் போனோம்.

சீசன் முடிகிற ஞாயிற்றுக்கிழமை படகுக் காண்ட்ராக்டர், சீசன் ஆட்களான எங்களுக்குள் ஒரு பெடல் படகுப் போட்டி வைத்தார். ஜெயிக்கிற ஜோடிக்கு வருஷம் முழுக்க வேலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். நேரில் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. மிதித்துத்தான் வாங்க வேண்டும்.

சிக்கல் மச்சினனின் உடம்பு. படகுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மிதவைகள். இடதுபக்கம் அவன் உட்கார்ந்தால் அந்த மிதவை முங்கும். வலதுபக்கம் நான் இருந்தும் என் மிதவை தூக்கிக்கொண்டு நிற்கும். படகு வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வரும்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற மூளையைக் கசக்கினேன். ஒரு கஷாய பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி முன்னால் குறுக்காகப் படுக்கக் கட்டினேன். படகு சாய்ந்தால் அது காட்டிவிடும். வலது மிதவையின் மேல் குறுக்கே மூங்கில் வைத்து, ஒரு மூட்டை அதில் உள்ளும் வெளியும் வழுக்கிப் போகும்படி கயிறு போட்டேன். எடைக்கு மூட்டைக்குள் வீட்டுத் தூள்.

"விக்கத்தான் முடியலீங்க, சவாரியாச்சும் போயிட்டு வரட்டும்" என்றாள் என் மனைவி.

விசில் ஊதியதும் சீறிக்கொண்டு போனோம். பாட்டில் தண்ணீர் நேராக நின்றது. பாதி ஏரிவரை நாங்கள்தான் முதலில். பக்கத்துப் படகுகள் வாரியடித்த தண்ணீரெல்லாம் மூட்டைமேல் விழுந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பாட்டில் தண்ணீர் மெல்ல என் பக்கம் சாய்ந்தது. படகு இப்போது வலதுபக்கம் வளைந்தது. பின்னால் ஏரியில் செந்நிறமாக ஒரு கோடு.

"ஏனுங்க மச்சான், ஏரிக்கே டீ போடறீங்களா?" என்றான் மச்சினன்.

கயிற்றை இழுத்தேன். ஊறிப்போன மூட்டை அசையவில்லை. தூளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பேக்டரியில் என் வேலையே!

"அவுத்து விடுங்க!"

"முடிச்சு இறுகிப்போச்சு மாப்ளே."

"அப்ப இங்க வாங்க!" என்று என் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டான். பாட்டில் தண்ணீர் நேரானது.

"பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்கடோய்!" என்று கரையில் ஒருவன் கத்தினான். எங்கள் காந்தல் ஊர் ஜனம் முழுக்கக் கைதட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மச்சினன் தனியாக மிதித்து எல்லாருக்கும் கடைசியாகப் படகைக் கரை சேர்த்தான்.

காண்ட்ராக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "வேலை ஜெயிச்சவங்களுக்குத்தானுங்க" என்றார். தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

"நில்லுங்க. டூரிஸ்ட் ஜோடிங்க பாதிப் பேர் இப்படித்தான் ஒரே எடத்துல சுத்துறாங்க. எல்லாப் படகுலயும் அந்த பாட்டிலைக் கட்டுங்க. எடை பாத்து உக்கார வைக்க ஒரு ஆளு வேணும்."

"மச்சானை வெச்சுக்குங்க. எனக்கு மிதிச்சது போதும்" என்றான் மச்சினன்.

மறுநாள் முதல் ஜோடி வந்தது. கணவர் ஒல்லி. அந்த அம்மாவை நடுவில் தள்ளி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"ஏன்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"காத்து அப்படி வீசுதுங்க" என்றேன். ஏரிக்கரையில் ஓர் இலைகூட அசையவில்லை.