கால் மைல் ஓட நூற்று நாற்பது மைல்

தினமும் வேலைக்கு ஓட்டும் காரையே கால் மைல் பந்தயத்துக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். அறுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி ஞாயிறன்று நான் போயிருக்கிறேன். நெய்வேலி சுரங்கத்தில் எனக்குக் கன்வேயர் ஆபரேட்டர் வேலை. கையில் இருந்தது பழைய சின்னக் கார். அதைச் சென்னைக்கு வடக்கே, பந்தயம் நடக்கும் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் விரட்டிப் பார்க்க வேண்டும் என்ற கிறுக்கு என்னுடையது. ஆனால் அதில் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் மாணிக்கத்துக்குத்தான் இருந்தது.

மாணிக்கம் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்துக்காரர். ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். அவரைப் பெர்மனென்ட் ஆக்கச் சிபாரிசு செய்யலாமா என்று ஃபோர்மேன் யோசித்துக்கொண்டிருந்தார். “நீ தனியா தயார் பண்ற வண்டி எப்படி ஓடுதுன்னு பார்க்கிறேன்” என்று சொல்லி, அவரும் பந்தயத்துக்கு வருவதாக இருந்தார்.

மூன்று வாரம், ஷிப்ட் முடிந்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் வேலை நடந்தது. மாணிக்கத்தின் கைவேலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவு சுத்தம். பிளக் நான்கையும் மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பிரேக்கைச் சரிசெய்தார். ஏர் ஃபில்டரில் இருந்து உதிர்ந்த நிலக்கரித் தூளை வைத்து ஒரு வேளை சமைத்திருக்கலாம். ஒவ்வொரு நட்டையும் முடுக்கியபின் அதன்மேல் போல்ட்டையும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டார்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“நட்டு தளந்துகினே வந்தா கோடு வெலகிக் காட்டிக்குடுத்துடும்ங்க. மைன்ஸ் மெஷின்ல இப்படித்தான்.”

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். ஆறேகாலுக்கு விழுப்புரத்தில் இட்லி. செங்கல்பட்டு ஒன்பது மணி. சென்னையைத் தாண்டிச் சோழவரம் சேரும்போது பதினொன்று. நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். பாரம் குறைய ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டு எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். கொடி விழுந்ததும் நான் ஹாரனை நீளமாக அடித்துவிட்டு, மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். சுரங்கத்தில் பெல்ட்டை ஓடவிடும் முன் சைரன் அடித்து, ஆட்கள் விலகப் பத்து எண்ணுவது எங்கள் வழக்கம். கை அதற்கே பழகிப்போயிருந்தது. நான் மூன்று எண்ணுவதற்குள் பக்கத்துக் கார் பறந்துவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று வார உழைப்பை, அதுவும் ஃபோர்மேன் கண்ணெதிரில், நாசமாக்கிவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாணிக்கம் கோபப்படவில்லை. “வுடுங்க சார், இன்னொரு தபா இருக்குதுல்ல. கைய மட்டும் ஹாரன்கிட்ட கொண்டுபோவாதீங்க.”

இரண்டாவது முறை கொடி அசைந்ததுமே கிளம்பினேன். இருபத்து நான்கு வினாடி. சின்னக் கார்களில் மூன்றாவது இடம். இன்ஜின் ஓரிடத்திலும் திணறவில்லை.

நீங்கள் போவதானால் ஆயில், பிரேக், டயர் மூன்றையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். காருக்குள் உருளும் பொருள் எதையும் விட்டுவைக்காதீர்கள். வீடு திரும்பவும் அதே கார்தான் வேண்டும், அதனால் இன்ஜினை வதைக்காதீர்கள். தயார் செய்தவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

நாங்கள் கிளம்பும் முன் ஃபோர்மேன் வந்தார். பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் குனிந்தபடியே பார்த்தார். வெள்ளைக் கோடு ஒன்றுகூட விலகியிருக்கவில்லை. பிறகு மாணிக்கத்திடம், “நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா. பெர்மனென்ட்டுக்கு உன் பேரை எழுதி அனுப்பணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாணிக்கம் தலையாட்டினார். பின் சீட்டை மாட்டக் காருக்குள் குனிந்தார். வெகுநேரம் ஸ்பேனர் சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் டீ வாங்கி வரப் போனேன்.