நாட்குறிப்பில் விட்டுப்போன ஊசி

2008 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்குள் என் மனைவி சலோமி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நோய் அல்ல. என் வாய்.

நம் செண்பகனூர் ஜெபக்கூட்டத்தில் அதற்கு ஆறு வருடம் முன்பு நான் சொன்ன சாட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2002 ஜூன் 12, புதன்கிழமை. சலோமியின் சிறுநீரகக் கல்லைப் பார்க்க, கைநரம்பில் ஒரு மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் அயோடின் கலந்த மருந்து, ‘டை’ என்பார்கள். சற்று நேரத்தில் அவள் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. நான் ஜெபித்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. அந்த ஞாயிறே உங்கள் முன் எழுந்து நின்று, கர்த்தர் தொட்டுவிட்டார், இனி அது அவளை அணுகாது என்றேன்.

2008இல் அவளுக்கு மேல்வயிற்றில் வலி. கட்டியாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டு, டை போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வெள்ளனே பஸ் ஏறி மதுரை போனோம். நர்ஸ் ஒரு தாளோடு வந்தார்.

“முன்னாடி டை ஊசி போட்டிருக்காங்களாம்மா? அப்ப அரிப்பு, வீக்கம் ஏதும் வந்துச்சா? ஆஸ்துமா, கிட்னி தொந்தரவு உண்டா?”

சலோமி என்னைப் பார்த்தாள். “ஏங்க, அன்னைக்கு உதடு...”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா.”

“எங்கிட்ட எல்லாத்துக்கும் தேதியோட குறிப்பு இருக்கு” என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

கர்த்தர் குணமாக்கியதை மறுபடியும் வியாதி என்று எழுதிக் கொடுத்தால், நானே என் சாட்சியை மறுதலித்தவன் ஆவேன் என்று நினைத்தேன். அதை விசுவாசம் என்று நம்பினேன். உங்கள் முன் சிறுத்துப்போவேனோ என்ற பயமும் அதில் இருந்தது. அதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கதவுக்குப் பின்னால் முதலில் தும்மல் கேட்டது. பிறகு ஓடும் காலடிகள். “ஆண்டவரே, பொய் சொன்னவன் நான். அவளைக் காப்பாற்றும்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். “தொடையில ஊசி போட்டு, ஆக்சிஜன் வச்சிருக்கோம். இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா? மறைக்காமச் சொல்லுங்க.”

தேதியோடு சொன்னேன்.

“அப்ப எப்படி சரியாச்சு?”

“ஒரு ஊசி போட்டாங்க. அதுக்கப்புறம்தான் தடிப்பு அடங்குச்சு.”

அந்த வாக்கியத்தை ஆறு வருடத்தில் அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னேன். உங்களிடம் சொன்னதே இல்லை.

“அன்னைக்கு வந்தது இன்னைக்கு வர்றதுக்கான எச்சரிக்கைங்கய்யா. சொல்லியிருந்தா வேற மருந்த யோசிச்சிருப்போம். முதல் நாளே மாத்திரை குடுத்திருப்போம். இல்ல, டையே இல்லாமப் பாத்திருப்போம். அந்தத் தாள் சும்மா சம்பிரதாயத்துக்கு இல்ல.”

அரை மணி நேரம் கழித்து சலோமி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. ஆனால் நான் ஜெபிக்கத் தொடங்கும் முன்பே, அந்தப் பதில் ஸ்கேன் அறையில் ஒரு தட்டில் தயாராக இருந்தது. யாருக்கும் இப்படி ஆகலாம் என்று எண்ணி, முகம் தெரியாத ஒருவர் அன்று காலையில் அந்த மருந்தை எடுத்து வைத்திருந்தார்.

வீடு திரும்பியதும் 2002 நாட்குறிப்பைப் புரட்டினேன். மூடுபனி விலகிய நேரம் இருந்தது. வத்தலக்குண்டில் பஸ் பஞ்சராகி நின்ற நிமிடக் கணக்கு இருந்தது. அந்த ஊசி இல்லை. சலோமியும் எட்டிப் பார்த்தாள்.

“பஸ்ஸு பஞ்சரானத எழுதியிருக்கீங்க. எனக்கு ஊசி போட்டவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?”

தலை நிமிராமல், அந்த ஊசியைப் பற்றிய வரியை, எழுதும் நாளின் தேதியிட்டு ஓரத்தில் எழுதினேன்.

பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, டை இல்லாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி இல்லை, கணையத்தில் வீக்கம் மட்டுமே. மருந்தில் ஆறியது. ஒத்துக்கொள்ளாத டையின் பெயரை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இப்போது அவள் பையில் பைபிளோடு இருக்கிறது.

பிரியமானவர்களே, கர்த்தரை நம்புங்கள். அவர் அனுப்பிய கைகளுக்கு உண்மையைச் சொல்லி நம்புங்கள். ஆஸ்பத்திரித் தாளில் ‘ஆம்’ என்று எழுதுவதால் எந்தச் சாட்சியும் கெட்டுப்போவதில்லை. என் சாட்சி கெட்டது ‘இல்லை’ என்று சொன்னபோதுதான்.

எம்.ஆர்.ஐ. அன்றும் ஒரு நர்ஸ் அதே கேள்விகளோடு வந்தார். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“நீங்க செத்த நேரம் சும்மா இருங்க” என்றாள் சலோமி. “ஒடம்பு என்னுது. நான் சொல்றேன்.”