ஜூரேமா அக்காவும் கீழ்த்தொட்டி வண்டலும்

இன்று நான் சந்தித்தது ஜூரேமா அக்காவை. சரியாகச் சொன்னால், முதலில் அவருடைய கால்களை. எங்கள் அடுக்குமாடியின் முன்கூடத்தில் உப்புநீர் மீன்தொட்டி இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மர அலமாரிக்குள் தலையும் தோளும் போயிருக்க, மீதி அக்கா தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். உள்ளேயிருந்து வசவு வந்துகொண்டிருந்தது. பார்சல் வாங்க இறங்கிய நான் பார்சலையே மறந்துவிட்டேன். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அக்கா ஐந்தாம் மாடி. எங்கள் ரெசிஃபெ நகரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கத்துவது தொழில் பழக்கம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், மாடி எண்தான். நான் "ஏழு". குனிந்தால் நழுவும் கண்ணாடியை ரப்பர் பேண்ட் போட்டுத் தலையோடு கட்டியிருப்பார். வீடு மாறிப் போன யாரோ விட்டுச்சென்ற தொட்டி அது. என்ன செய்யலாம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அது அவர் பொறுப்பு. உள்ளே கருநீலத்தில் ஒரு கிழட்டு மீன். வாலடியில் சவரக்கத்தி மாதிரி முள் இருப்பதால் இங்கே அதை நாவிதன் என்போம்.

மீனைப் பார்க்கிறவர்களுக்குக் கீழே இன்னொரு தொட்டி இருப்பது தெரியாது. மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக அதில் விழுந்து, துணிப்பையில் வடிந்து, மோட்டார் தள்ள மறுபடி மேலே ஏறும். மீனின் கழிவு, தின்னாத தீனி, உதிர்ந்த பாசி எல்லாம் கீழ்த்தொட்டி மூலைகளில் காப்பிச் சக்கை மாதிரி படியும். வாராவாரம் அதை எடுத்தாக வேண்டும். அக்கா முதலில் மோட்டாரை நிறுத்துவார். கலங்கியது அடங்கும்வரை வறுத்த முந்திரி தின்பார். பிறகு மெல்லிய ட்யூபை வாயால் உறிஞ்சி, வந்த தண்ணீரைத் துப்பி, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்பார். ட்யூப் நுனியைக் கட்டைவிரலால் மூடித் திறந்து பழுப்பை மட்டும் வாளிக்கு இழுப்பார். குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிற பக்குவம் அந்த விரலில் இருக்கும்.

இன்று பழுப்பு வரவில்லை. கன்னங்கரேலென்று வந்தது. அழுகிய முட்டை நாற்றம்.

காரணம் எங்கள் கட்டிட நிர்வாகி வால்டிர். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். தங்கைக்கு முட்டி ஆபரேஷன் என்று அக்கா ஊருக்குப் போயிருந்த சமயம், அலமாரி திறந்து கிடப்பது அசிங்கம் என்று கதவுக்குப் பூட்டுப் போட்டார். திரும்பி வந்து சாவி கேட்ட அக்காவை இன்று, நாளை என்று இழுத்தடித்தார். வண்டல் உள்ளேயே அழுகியது. நாற்றம் லிஃப்ட் வரை வந்ததும் குடியிருப்போர் கூட்டத்தைக் கூட்டிவிட்டார், தொட்டியை அப்புறப்படுத்த! கூட்டம் இன்று சாயங்காலம். அக்காவுக்குச் சாவி கிடைத்ததோ இன்று மத்தியானம்.

"ஏழு! மரம் மாதிரி நிக்காத, டார்ச்சைப் பிடி. பாத்தியா இந்த மூலைய? வால்டிரோட மனசு மாதிரியே இருக்கு."

அந்த நேரம் பார்த்து வால்டிரே வந்தார், கையில் பிளீச் பாட்டிலோடு. எங்கள் ஊரில் பிளீச் வாசம் வந்தால்தான் கழுவியதாகக் கணக்கு. தரை, துணி, கக்கூஸ், எதுவானாலும் ஒரு மூடி. அவர் உதவுவதாக நினைத்துத்தான் கொண்டுவந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஒரு மூடி ஊத்துங்கம்மா, நாத்தம் பறந்துடும்."

அக்கா வெளியே தலையை நீட்டினார். கன்னத்தில் கறுப்புத் தீற்றல். "ஒரு மூடி நீ குடி. நீ பொழச்சிருந்தா மீனுக்கும் ஊத்தறேன்."

"கோவப்படாதீங்க. அப்ப மொத்தமா கிளறி ஒரே தடவைல அள்ளிடுங்களேன்."

"கிளறினா இந்த விஷம் பூரா தண்ணில கலந்து மேல ஏறும். அவன் வாயப் பொளந்துட்டு மிதப்பான். ஒரு நாளைக்கு ஒரு மூலைதான்யா எடுக்கலாம்!"

"கூட்டம் ஆறு மணிக்கு."

"மீனுக்கு மணி பாக்கத் தெரியாது. போ அந்தாண்ட!"

ஒரு மூலை முடிந்தது. நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை. நானே கெஞ்சினேன்: "அக்கா, இன்னும் ஒரே ஒரு மூலை. இல்லேன்னா தொட்டியையே தூக்கிடுவாங்க."

"தூக்கினா தூக்கட்டும். என் கையால சாகமாட்டான்." சொன்னவர் ட்யூபைச் சுருட்டினார்.

ஆறு மணிக்கு முன்கூடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோரும் மூக்கில் கை. "நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே மோந்து பாருங்க" என்றார் வால்டிர். அக்கா எழுந்து போய், கறுப்பு வாளியை அவர் மேசையில், நிகழ்ச்சி நிரல் தாளின் மேலேயே வைத்தார்.

"இது மீனோட அழுக்கு இல்ல, பூட்டோட அழுக்கு. மீனோடத இத்தன வருஷமா நான் எடுத்தேன். அப்ப யாராவது மூக்கப் பிடிச்சீங்களா? மூணு, நீ சொல்லு!"

மூன்றாம் மாடி நிவால்டோ எதற்கும் குறை சொல்கிறவர். தலையைச் சொறிந்தார். "முன்னெல்லாம் நாறலதான். வால்டிரு, நீ பூட்டினப்புறம்தான்யா நாறுது."

சிரிப்பு கிளம்பியது. வால்டிர் முகம் சிவந்தது. "சரி, முடிவ அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கறேன். ஆனா பூட்டு இருக்கும், சாவியும் என்கிட்டதான் இருக்கும். வேணும்கிறப்ப வந்து கேளுங்க."

அடுத்து அக்கா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவரோ வெளியே நின்ற வேனிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார். அலமாரி முன்னால் மண்டியிட்டு, கீல்களின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவு கையோடு வந்தது. அதைப் பூட்டோடு தூக்கி வந்து வால்டிரின் மடியில் வைத்துவிட்டு, தன் வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இதைத் தயவுசெய்து பகிருங்கள், எங்கள் கட்டிட வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பி வரும் அளவுக்குப் பகிருங்கள். போவா வியாஜெம் கடற்கரைப் பக்கம் வருகிறவர்கள் உள்ளே வந்து ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள். நாவிதன் நன்றாக இருக்கிறான். அவனைப் பார்த்தபிறகு கொஞ்சம் குனிந்து கீழேயும் பாருங்கள். நாளைக்கு அடுத்த மூலை.